ஆரஞ்சு நாரை

ராஜாவின் பிறந்தநாளன்று ஊரே பரணைக் காலி செய்து, பழைய சாமானைத் தெருவில் பரப்பி விற்கும் என்று ஹார்ம் சொன்னபோது எல்கே சிரித்துவிட்டாள். நெதர்லாந்துக்காரர்களின் சிக்கனத்தைப் பற்றிப் பெல்ஜியத்தில் கதை கதையாகச் சொல்வார்கள். இதுவும் அதில் ஒன்று என்று நினைத்தாள்.

"உங்க ராஜாவுக்குப் பொறந்தநாள். நீங்க காது போன கோப்பையும் கண்ணு போன பொம்மையும் விப்பீங்களா?"

"ஆமா. சரி, உங்க ராஜாவுக்கு எப்ப பொறந்தநாள்?"

எல்கே யோசித்தாள். தெரியவில்லை. கெண்ட் நகரத்தில் யாரை நிறுத்திக் கேட்டாலும் தெரியாது.

"பாத்தியா," என்றான் ஹார்ம், காரை ஓட்டிக்கொண்டே. "நாங்க பழைய சாமான் வித்தாவது ஞாபகம் வச்சிருக்கோம்."

கார் வடக்கே போய்க்கொண்டே இருந்தது. ஹார்மின் ஊர் நோர்டர்வீர்டா. குரோனிங்கனையும் தாண்டி, கடலணை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது. அந்தப் பக்கத்து மதகுகளையும் வாய்க்கால்களையும் பார்த்துக்கொள்வது அவன் வேலை. போன வருஷம் கெண்ட்டுக்குச் சைக்கிள் பயணம் வந்தவன், டிராம் தண்டவாளத்தில் சக்கரம் மாட்டி விழுந்து, தோள் இறங்கிப்போய் ஆஸ்பத்திரிக்கு வந்தான். எல்கே அங்கே பிசியோதெரபிஸ்ட். தோள் சரியாகி வெகுநாள் ஆன பிறகும் அவன் தோள் வலிக்கிறது என்று வந்துகொண்டிருந்தான். அவளும் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டாள்.

இப்போது குரோனிங்கன் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. வருகிறாளா இல்லையா என்று திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். அதை ஹார்ம் சுற்றி வளைக்காமல் காரிலேயே சொல்லிவிட்டான். அந்த ஊர்க்காரர்களுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"ஃபென்னாவுக்கு நீ வர்றது பிடிக்கலேன்னா, நான் உன்னை வான்னு சொல்ல முடியாது எல்கே. உன்னை எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆனா முடியாது."

ஃபென்னா அவன் மகள், பத்து வயது. ஒரு வாரம் அவனோடு, மறு வாரம் அதே ஊரில் இருக்கும் அவளுடைய அம்மாவோடு. எல்கேவுக்கு அந்தப் பேச்சில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. நியாயமான மனுஷனிடம் சண்டை போடவும் வழியில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஃபென்னா கை கொடுத்தாள். நெட்டையான பெண், ஒட்ட வெட்டிய முடி, பல்லில் கம்பி. "பயணம் நல்லா இருந்துதா?" என்று கேட்டாள், ஹோட்டலில் சாவி கொடுக்கிறவர்கள் கேட்பார்களே, அப்படி. பதிலுக்குக் காத்திராமல் பின்கட்டில் இருந்த கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நாளைக்குச் சைக்கிள் அலங்காரப் போட்டி," என்றான் ஹார்ம். "மூணு வாரமா அதுக்குள்ளதான் கிடக்கறா. ரெண்டு வருஷமா ரெண்டாவது பரிசு. முதல் பரிசு வாங்கினா தீயணைப்பு வண்டியில முன் சீட்ல உக்காந்து ஊரைச் சுத்தலாம். சைரன் அடிக்கலாம். அவளுக்கு அது போதும், உலகத்துல வேற எதுவும் வேண்டாம்."

"நீ உதவி பண்ணலையா?"

"பெரியவங்க கை வைக்கக் கூடாதுங்கறது விதி. என்னை வாசப்படி தாண்ட விடல."

சாயங்காலம் கடுகு சூப் தயாரானதும் கூப்பிடப் போனது எல்கே. அடுப்பை விட்டு நகர முடியாது என்று ஹார்ம் சொன்னான். அடுப்பு என்ன ஓடியா போகும்! அனுப்பி வைத்தான் என்று அவளுக்குப் புரிந்தது.

கொட்டகைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே சைக்கிள் கண்ணுக்கே தெரியவில்லை. ஒரு நாரை நின்றது. உடம்பு முழுக்க ஆரஞ்சுக் காகித இறகு. குழாய்க்குச் சுற்றுகிற பஞ்சுறையை வளைத்துக் கழுத்து. இரண்டு மரக்கரண்டிகள் அலகு. இரண்டு பக்கமும் பட்டத் துணியில் சிறகுகள். பெடலை மிதித்தால் கயிறு இழுத்து, சிறகு ஏறி இறங்கும். ஒரு சிறகுதான் ஏறியது. இன்னொன்று தரையைத் தொட்டுக்கொண்டு தொங்கியது. அதன் பக்கத்தில் ஃபென்னா உட்கார்ந்து, அழுகையை அடக்கப் பார்த்து முடியாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சூப் ஆறுது," என்றாள் எல்கே. போகலாமா நிற்கலாமா என்று தெரியவில்லை. "நான் பாக்கலாமா?"

"பாக்கலாம். தொடக் கூடாது."

எல்கே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். சிறகின் குச்சி உடம்போடு சேர்கிற இடத்தில் அட்டை கிழிந்திருந்தது.

"தோள் இறங்கியிருக்கு. உங்க அப்பாவுக்கும் இதேதான் ஆச்சு."

ஃபென்னா நிமிர்ந்தாள். "அப்பா அழுதாரா?"

"கொஞ்சம்."

"அழவே இல்லேன்னாரே."

"அப்ப நான் ஒண்ணும் சொல்லல."

அந்தப் பெண்ணின் வாயோரம் ஒரு சிரிப்பு வரப் பார்த்து, கம்பியில் தடுக்கி நின்றது. மறுபடி பசையை எடுத்தாள். குச்சியை ஒட்டிப் பிடித்தாள், விட்டாள், விழுந்தது. இன்னொரு முறை. விழுந்தது. நாளைக் காலையில் ஊர்வலம். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க எல்கேவால் முடியவில்லை.

"பசை தாங்காது. அசையற இடம் இல்லையா? என்கிட்ட ஒரு டேப் இருக்கு."

ஃபென்னா கதவைப் பார்த்தாள், நாரையைப் பார்த்தாள். "சரி. தொடுங்க."

நோயாளிகளின் தோளிலும் முழங்காலிலும் ஒட்டுகிற தோல் நிறத் துணி டேப் எல்கேவின் கைப்பையில் எப்போதும் இருக்கும். அதை எடுத்து, குச்சியை முதலில் தூக்கிப் பிடித்து, குறுக்கும் நெடுக்குமாக மடித்து, அசைவுக்கு இடம் விட்டுக் கட்டினாள். ஃபென்னா பெடலைச் சுற்றினாள். இரண்டு சிறகும் சேர்ந்து எழுந்தன. ஃபென்னா சந்தோஷத்தில் ஒரு சத்தம் போட்டாள்; உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவசர அவசரமாக டேப்பின் மேல் காகித இறகுகளை ஒட்டி மறைத்தாள்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அப்பாகிட்டயும்."

"சொல்ல மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஏதோ ஒரு கதவு திறந்துவிட்டது என்று எல்கே நினைத்திருந்தால், சாப்பாட்டு மேஜையில் அது மூடிக்கொண்டது. ஃபென்னா அவளிடம் பேசியது ஒரே ஒரு தடவை. "உப்பு எடுத்துத் தர முடியுமா, ப்ளீஸ்."

காலையில் வீட்டுக்கு வீடு கொடி ஏறியிருந்தது, கொடிக்கு மேலே நீளமான ஆரஞ்சுத் துண்டு. வானம் மட்டும் சாம்பல் நிறம். தூறல் விழுந்தது, நின்றது, மறுபடி விழுந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹார்ம் பூச்சி அரித்த ஆரஞ்சு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டான். வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் வெளியே வருகிற ஸ்வெட்டர். தேவாலயச் சதுக்கத்தில் ஊர் பேண்ட் வாசிக்க, கழுத்தில் சங்கிலி போட்ட மேயர் முன்னால் நிற்க, எல்லாரும் தேசிய கீதம் பாடினார்கள். முதல் சரணம் முழங்கியது. அடுத்த சரணத்தில் பாதி ஊர் வாயை மட்டும் அசைத்தது. எல்கேவும் அசைத்தாள். அந்தச் சரணம் வரைக்கும் அவளும் ஊர்க்காரிதான்.

பாட்டு முடிந்ததும் தெருவெல்லாம் கடை. நடைபாதையில் சாக்கட்டியாலும் டேப்பாலும் நேற்றே இடம் பிடித்து வைத்திருந்தார்கள். ஒரு ஜமுக்காளத்தின் மேல் புத்தகங்கள், ஸ்கேட்டுகள், ஒரு விளக்கு, சீஸ் உருக்குகிற சிவப்புச் சட்டி. அதன் பின்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து கை நீட்டினாள்.

"நீங்கதான் எல்கே. நான் ஜன்டினா. வாழ்த்துகள்."

"எதுக்கு?"

"ராஜாவுக்குப் பொறந்தநாள் இல்லையா? ஒருத்தருக்குப் பொறந்தநாள்னா நாங்க அறையில இருக்கற எல்லாரையும் வாழ்த்துவோம். பழகிக்குங்க."

ஹார்மின் முன்னாள் மனைவி, ஃபென்னாவின் அம்மா, விழாக் கமிட்டியின் செயலாளர் எல்லாம் இவள்தான். எல்கே வழியெல்லாம் இவளை வெறுக்கத் தயாராகி வந்திருந்தாள்.

ஹார்ம் சட்டியைக் காட்டினான். "அது எங்கம்மா குடுத்தது."

"நம்ம கல்யாணத்துக்குக் குடுத்தது. கல்யாணமே போச்சு, சட்டியை வச்சு என்ன பண்ண?" ஜன்டினா எல்கே பக்கம் திரும்பினாள். "வேணும்னா எடுத்துக்குங்க. ஆளையே குடுத்தாச்சு, சட்டி என்ன பெரிசு!"

எல்கே சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். சிரிப்பு வந்துவிட்டது. ஹார்ம் மட்டும் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"உங்ககிட்ட ஒரு உதவி வேணும்," என்றாள் ஜன்டினா. "சைக்கிள் போட்டிக்கு நீங்க ஜட்ஜா இருக்கணும்."

"நானா?"

"இந்த ஊர்ல யாருக்கும் சொந்தமில்லாத ஆள் நீங்க ஒருத்தர்தான். போன வருஷம் பேக்கரி மைண்டர்ட்டை ஜட்ஜா போட்டோம். தன் அக்கா மகனுக்கு முதல் பரிசு குடுத்துட்டான். ஜட்ஜோட வீட்டுப் பிள்ளை போட்டியில இருக்கக் கூடாதுங்கறது எங்க ரெண்டாவது விதி. கேட்டா, அக்கா வேற வீடுங்கறான். ஊர்ல பாதிப் பேர் அவன்கிட்ட ரொட்டி வாங்கறதையே நிறுத்திட்டாங்க. சூப்பர் மார்க்கெட் ரொட்டியைத் தின்னோம்னா பாத்துக்குங்க, எவ்வளவு கோபம்னு."

"முதல் விதி?"

"அலங்காரம் பிள்ளையோட கைவேலையா இருக்கணும். பெரியவங்க தொடக் கூடாது."

ஜன்டினாவின் தோளுக்குப் பின்னால், போர்வை மூடிய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஃபென்னா நின்றிருந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. எல்கேவையே பார்த்தாள். அந்தப் பார்வை என்ன சொல்கிறது என்று கேட்கவே வேண்டாம்.

"என்னால முடியாதுங்க," என்றாள் எல்கே.

"ஏன்?"

ஏன் என்று சொன்னால் சத்தியம் போச்சு. சொல்லாவிட்டால் காரணம் இல்லை. "எனக்கு… சைக்கிள் பத்தி ஒண்ணும் தெரியாது."

"பெல்ஜியக்காரிக்குச் சைக்கிள் தெரியாதா? இதை வெளியில சொல்லிடாதீங்க, ஊர் திரும்பறப்ப எல்லையிலேயே நிறுத்திடுவாங்க."

"நான் ஹார்ம் வீட்டுலதானே தங்கியிருக்கேன். உங்க ரெண்டாவது விதிப்படி…"

"தங்கியிருக்கீங்க, விருந்தாளியா. விருந்தாளி வீட்டு ஆள் ஆயிட முடியுமா? என்ன ஹார்ம், நீ என்ன சொல்ற?"

ஹார்ம் மகளைப் பார்த்தான், பிறகு வாய்க்காலைப் பார்த்தான். "ஆமா," என்றான். "விருந்தாளிதான்."

எல்கேவுக்குச் சுருக்கென்றது. மகள் முன்னால் வேறு எதுவும் சொல்ல முடியாமல்தான் சொன்னான். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தாலும் வலித்தது. ஜன்டினா ஜட்ஜுக்கான ஆரஞ்சுப் பட்டையை அவள் தோளில் மாட்டிவிட்டாள்.

ஊர்வலம் பேண்டின் பின்னால் ஊரைச் சுற்றி வந்து சதுக்கத்தில் வரிசையாக நின்றது. எல்கே ஒரு முனையிலிருந்து தொடங்கினாள். முதலில் நின்றது டெர்க் என்கிற பையனின் சைக்கிள். அதை யாராவது சைக்கிள் என்று சொன்னால்தான் உண்டு. சைக்கிளைச் சுற்றி ஒரு முழு டிராக்டர் கட்டியிருந்தார்கள். விளக்கு எரிந்தது, புகைபோக்கியிலிருந்து நிஜமாகவே புகை வந்தது. எல்கே அசந்துபோய், பேச்சுக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டாள். அதில் வேறு எண்ணம் இல்லை.

"இதை யார் செஞ்சது?"

"அப்பா," என்றான் டெர்க். "நான் ஸ்க்ரூ எடுத்துக் குடுத்தேன்."

"டேய்!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கூட்டம் சிரித்தது.

ஒரு பையனைக் கேட்டாகிவிட்டது. அடுத்தவரைக் கேட்காமல் விட்டால் அது நியாயமா? அடுத்து ஒரு பெரிய தங்கக் கிரீடத்துக்குள் உட்கார்ந்திருந்த சிறுமி.

"இதை யார் செஞ்சது?"

"அம்மா. எங்களைத் திட்டிக்கிட்டே செஞ்சாங்க."

காற்றாலை செய்து வந்தவனுக்கு அண்ணன். கப்பலோட்டி வந்தவளுக்குப் பக்கத்து வீட்டுத் தச்சர். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்ல யாரும் இன்னும் கற்றுக் கொடுத்திருக்கவில்லை. முதலில் சிரித்த பெற்றோர்கள் வரிசை நகர நகர ஒவ்வொருவராகத் தங்கள் ஷூவை ஆராயத் தொடங்கினார்கள். பேக்கரி மைண்டர்ட் மட்டும் ஒரு வருஷக் கோபம் தீர ஆனந்தமாக நின்றான். "கேளுங்க அம்மா, கேளுங்க! ஒருத்தரையும் விடாதீங்க!"

கடைசிக்கு முந்தி நின்றது ஆறு வயது சீட்ஸ்கா. அவள் சைக்கிளின் கைப்பிடியில் இலையோடு ஒரு கட்டு கேரட் சணல் கயிற்றில் தொங்கியது. சீட்டுக்குப் பின்னால் இன்னொரு கட்டு. அவ்வளவுதான் அலங்காரம்.

"இதை யார் செஞ்சது?"

"நான்."

"யாரும் உதவி பண்ணலையா?"

"கேரட் எங்கேன்னு அம்மா கத்தினாங்க. அவ்வளவுதான்."

ஒரு கேரட் பாதிதான் இருந்தது. எல்கே அதைப் பார்ப்பதைக் கவனித்து, "வழியில பசிச்சுது," என்றாள் சீட்ஸ்கா.

கடைசியில் நாரை. ஃபென்னா சைக்கிளைத் தாங்கியில் நிறுத்திப் பெடலைச் சுற்றினாள். இரண்டு சிறகும் விரிந்து எழுந்து, காற்றைத் தள்ளிக்கொண்டு இறங்கின. கூட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. அன்றைக்கு வந்ததில் அழகு அதுதான். குருடனுக்கும் தெரிந்திருக்கும்.

எல்கேவுக்கு அப்போதுதான் உறைத்தது. சும்மா கேட்ட ஒரு கேள்வியை, தானே ஒவ்வொரு முறையும் கேட்டுக் கேட்டு, இந்தப் பெண்ணின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள். கேட்டால் ஃபென்னா ஊர் முன்னால் பொய் சொல்ல வேண்டும், இல்லை மூன்றாவது வருஷமும் தீயணைப்பு வண்டியை விட வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் அதற்குக் காரணம் எல்கே. அதன் பிறகு திங்கட்கிழமை என்ன பதில் சொல்வது என்று யோசிக்க வேண்டியதே இல்லை.

"ரொம்ப அழகான நாரை," என்றாள். குரல் தனக்கே கேட்கவில்லை. திரும்பி நடந்தாள்.

"என்னைக் கேக்கலையே."

எல்கே நின்றாள்.

"எல்லாரையும் கேட்டீங்க," என்றாள் ஃபென்னா. "என்னையும் கேளுங்க."

பேண்டில் பெரிய ஊதுகுழல்காரர் வாயைத் துடைப்பதை நிறுத்தினார். தூறல் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. எல்கே அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். ஃபென்னா அதைப் பார்த்தாள். பார்த்தும் அசையவில்லை.

"இதை யார் செஞ்சது?" என்று எல்கே கேட்டாள்.

ஃபென்னா குனிந்து, சிறகின் அடியில் ஒட்டியிருந்த காகித இறகுகளைப் பிய்த்தாள். தோல் நிற டேப் எல்லாருக்கும் தெரிந்தது.

"கழுத்து நான் செஞ்சேன். அலகும் நான். சிறகும் நான்தான், மூணு வாரம். ஆனா நேத்து இந்தத் தோள் இறங்கிடுச்சு. என்னால முடியல. எல்கேதான் கட்டிக் குடுத்தாங்க."

எல்கே வந்ததிலிருந்து ஃபென்னா அந்தப் பெயரைச் சொன்னது இதுதான் முதல் தடவை.

மைண்டர்ட்தான் முதலில் வாய் திறந்தான். "ஜட்ஜே கட்டினதா! அடப் பாவிங்களா, போன வருஷம் என்னை என்ன பாடு படுத்தினீங்க!"

சதுக்கமே சிரித்தது. ஜன்டினா சிரிக்கவில்லை, எல்கே என்ன செய்யப்போகிறாள் என்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். ஹார்மும் பார்த்தான். இந்த மக்களுக்கு நடுவில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வாழ முடியாது என்பது எல்கேவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. வாழப்போகிறோமா என்பதுதான் தெரியவில்லை.

"முதல் பரிசு," என்றாள், "கேரட்டுக்கு."

கைதட்டல் அடங்க நேரமானது. சீட்ஸ்கா கையைத் தூக்கி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "வண்டியில எங்க நாயும் வரலாமா?"

எல்கே திரும்பிப் பார்த்தபோது ஃபென்னா இல்லை. நாரை கூட்டத்தின் தலைகளுக்கு மேலே, அசையாத சிறகோடு பாலத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

"நீ என்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றான் ஹார்ம்.

"சத்தியம் பண்ணியிருந்தேன்."

"என்கிட்டயுமா?"

"உன்னைத்தான் தனியாச் சொன்னா."

அவன் தலையைச் சொறிந்துகொண்டான். "விருந்தாளின்னு சொன்னேனே… அது…"

"தெரியும்," என்றாள் எல்கே. அதற்கு மேல் பேச அவளுக்குத் தெம்பில்லை. பட்டையைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். ஒரு பெண் மூன்று வாரம் உட்கார்ந்து செய்ததை அரை நிமிஷத்தில் கெடுத்தாயிற்று என்று இருந்தது. உதவி செய்யாமல் வந்திருந்தால் சிறகு ஒட்டாமலே போயிருக்கும். செய்ததால் பரிசு போனது. எப்படிப் பார்த்தாலும் கணக்கு அவளுக்கு எதிராகவே வந்தது.

ஜன்டினா ஒரு கோப்பைக் காப்பியும் ஒரு பிஸ்கட்டும் கொண்டுவந்து கொடுத்தாள். ஒன்றுதான். பெல்ஜியத்தில் சொல்கிற கதைகளில் அது மட்டும் முழு உண்மை.

"என் மகளோடதுதான் நல்லா இருந்துது," என்றாள்.

"ஆமா."

"ஆனா அவளுக்குக் குடுத்திருந்தீங்கன்னா உங்களை அணை வரைக்கும் துரத்தியிருப்பேன்." கொஞ்சம் தள்ளிப்போய்த் திரும்பினாள். "அந்தச் சட்டியை நிஜமாவே எடுத்துக்குங்க. யாரும் வாங்க மாட்டேங்கறாங்க."

மைண்டர்ட் ஆரஞ்சுப் பாகு பூசிய க்ரீம் கேக் ஒன்றைக் காசு வாங்காமல் நீட்டினான். அவன் வாழ்க்கையில் அது நடந்ததில்லை என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். அந்தக் கேக்கை அடக்கமாகச் சாப்பிட வழியே கிடையாது; மேலே கடித்தால் நடுவே இருக்கிற க்ரீமெல்லாம் பக்கவாட்டில் வந்துவிடும். எல்கே மூக்கிலும் கையிலும் க்ரீமோடு நின்றபோது சைரன் கேட்டது. தீயணைப்பு வண்டி சதுக்கத்தைக் கடந்தது. முன் சீட்டில் சீட்ஸ்கா, மடியில் நாய், ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கையில் ஒரு கேரட்.

வண்டி பாலத்தைத் தாண்டிப் போன பிறகு, பாலத்துக் கைப்பிடிச் சுவர்மேல் ஃபென்னா உட்கார்ந்திருப்பது தெரிந்தது. வண்டி போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்கே போகவில்லை. கூப்பிடாத இடத்துக்கு நேற்றே ஒரு தடவை போய்விட்டாள், அதன் பலன் தெரிந்ததுதான். கை துடைக்க ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தாள்.

"எல்கே!"

ஃபென்னாதான். கையை ஆட்டினாள், பொறுமையில்லாமல்.

போனாள். தூறலில் டேப் ஊறி ஒரு ஓரம் கிளம்பியிருந்தது. சிறகு மறுபடியும் சாய்ந்திருந்தது. ஃபென்னாவின் கண் சிவந்திருந்தது. அவள் அதை மறைக்கவில்லை.

"அந்த டேப் இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"மூக்குல க்ரீம்."

எல்கே மூக்கைத் துடைத்துக்கொண்டு சுவர்மேல் உட்கார்ந்தாள். ஃபென்னா குச்சியைத் தூக்கிப் பிடித்தாள்; எப்படிப் பிடிக்க வேண்டும் என்று நேற்றே பார்த்துக் கற்றிருந்தாள். எல்கே பழைய டேப்பை உரித்து, குச்சியைத் துடைத்து, புதிய டேப்பைக் கிழித்தாள்.

"உனக்குக் கோபமா?"

"ஆமா," என்றாள் ஃபென்னா. "ரொம்ப. தீயணைப்பு வண்டி போச்சே." கொஞ்சம் யோசித்தாள். "உங்க மேல இல்ல. நீங்க கட்டலேன்னா இது பறந்தே இருக்காது."

"என்னைக் கேளுங்கன்னு ஏன் சொன்னே? நான் கேக்காம விட்டேனே."

"அதான். எல்லாரையும் கேட்டுட்டு என்னை மட்டும் விட்டா? அது திருட்டு." இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல் அவள் பார்த்தாள். பிறகு, "அடுத்த வருஷம் நான் மழைக்குத் தாங்கற மாதிரி செய்வேன். ஆனா நீங்க ஜட்ஜா இருக்க முடியாது," என்றாள்.

"தெரியும். இவ்வளவு குழப்பம் பண்ணினவளை யாரு கூப்பிடுவா?"

"குழப்பத்துக்காக இல்ல." ஃபென்னா குச்சியை இன்னொரு கைக்கு மாற்றினாள். "ரெண்டாவது விதி இருக்கே. எங்க வீட்டு ஆள் ஜட்ஜா இருக்கக் கூடாது."

டேப் எல்கேவின் விரலிலேயே ஒட்டிக்கொண்டது. அதை எடுக்கப் பார்த்தாள். கண்ணீர் மறைத்தது, எந்த முனை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

"சீக்கிரம்," என்றாள் ஃபென்னா. "எனக்குக் கை வலிக்குது."

எல்கே முனையைக் கண்டுபிடித்து, குறுக்கே இழுத்து, அழுத்தி ஒட்டினாள்.